சிவப்பு 31, பச்சை 32

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம், மூன்றாம் ஆண்டு. எனக்குச் சோறு போடப்போவது பற்றும் வரவும்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் இதைப் படித்துவிட்டு "இதெல்லாம் ஒரு மேட்டரா"ன்னு சிரித்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம், கோபமே இல்லை. ஆனால் போன வருஷம் செலவுக் கணக்கியலைவிட நான் அதிக நேரம் உட்கார்ந்து படித்த விஷயம் ஒன்று உண்டு. டெர்மினலின் கறுப்புத் திரையில் எழுத்துக்கு எப்படி நிறம் கொடுப்பது என்பதுதான் அது. அதனால் என் தாய்மாமாவுக்கு ஒரு பழைய வாடிக்கையாளர் போனார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் லேப்டாப் செகண்ட் ஹேண்ட். விண்டோஸ் திறப்பதற்குள் கேன்டீன் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஹாஸ்டலில் பக்கத்து ரூம் நண்பன் (அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ்) ஒரு ராத்திரி உட்கார்ந்து லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்தான். போட்டுவிட்டு டெர்மினலையும் காட்டினான். என் பேர் பச்சையில், நான் நிற்கிற ஃபோல்டர் பேர் நீலத்தில், பக்கத்தில் கர்சர் கண்சிமிட்டிக்கொண்டு நின்றது. அவன் ஏதேதோ கட்டளை சொல்லிக்கொடுத்தான், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. நான் கேட்டது ஒரே கேள்விதான். "பச்சை எங்கடா இருந்து வருது?"

அவன் பாஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினான். பேக்ஸ்லாஷும் சதுர அடைப்பும் எண்ணுமாக, குழந்தை கீபோர்டில் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. நடுவில் எங்கேயோ 32. அதை 31 ஆக மாற்றிவிட்டு வேறு டெர்மினல் திறக்கச் சொன்னான். திறந்தேன். என் பேர் சிவப்பாக இருந்தது! அன்றைக்கு ராத்திரி ரெண்டு மணி வரை நான் தூங்கவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டபோது இன்னும் பிடித்துப்போனது. டெர்மினலுக்கு எழுத்துகள் ஒவ்வொன்றாக வரிசையில் போகின்றன. நடுவில் ஒரு தனி எழுத்து வரும். அது திரையில் தெரியாது, பேர் எஸ்கேப், எண் 27. எட்டின் அடிமானத்தில் எழுதினால் அது 33, அதனால்தான் ஸ்க்ரிப்டில் \033 என்று எழுதுகிறார்கள். அந்த எழுத்தைப் பார்த்ததும் டெர்மினல் "அடுத்து வருவது அச்சடிக்க இல்லை, நமக்குச் சொல்கிற ஏதோ சேதி" என்று புரிந்துகொள்ளும். எஸ்கேப்புக்குப் பின்னால் ஒரு சதுர அடைப்புக்குறி, பிறகு 31, பிறகு சின்ன எழுத்து எம். அவ்வளவுதான், அதற்கப்புறம் வருவதெல்லாம் சிவப்பு. 31-க்குப் பதில் 0 போட்டால் பழையபடி சாதாரண நிறம். அந்த 0 போட மறந்தால் மீதித் திரை முழுக்க, நாம் அடிக்கிற கட்டளை உட்பட, சிவப்பாகவே ஓடும். இங்க் பாட்டிலைக் கவிழ்த்த கதைதான்.

நிறங்களின் எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 30-ஐ விட்டுவிட்டுக் கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். சிவப்பு 1, பச்சை 2, நீலம் 4. மற்றதெல்லாம் கூட்டல். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் 3, அது மஞ்சள். சிவப்பும் நீலமும் 5, மெஜந்தா. பச்சையும் நீலமும் 6, சயான். மூன்றும் சேர்ந்தால் 7, வெள்ளை. ஒன்றுமே இல்லாவிட்டால் 0, கறுப்பு. எழுத்துக்கு 30 முதல் 37, எழுத்தின் பின்னணிக்கு 40 முதல் 47. பற்றும் வரவும் டேலி ஆகிற மாதிரி அழகாக உட்காருகிறது பாருங்கள். பின்னாளில் 256 நிறம் வந்தது, அதற்கப்புறம் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு சொல்லும் முறையும் வந்தது. அதெல்லாம் எனக்கு ஆடம்பரம். எட்டே போதும்.

இந்த எஸ்கேப் முறைக்கு ஈசிஎம்ஏ-48 என்ற தரம் முதலில் 1976-ல் வந்தது. அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி 1979-ல் தன் தரத்தை வெளியிட்டது. இன்றைக்கும் எல்லோரும் "ஆன்சி கலர்" என்று சொல்வது அதனால்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த முறையை ஊரெல்லாம் பரப்பியது டெக் கம்பெனி 1978-ல் கொண்டுவந்த விடி100 என்ற டெர்மினல். அதற்கு நிறமே கிடையாது! தடித்த எழுத்து, அடிக்கோடு, கண்சிமிட்டல், பிறகு எழுத்தும் பின்னணியும் இடம் மாறுகிற தலைகீழ் எழுத்து, இவ்வளவுதான். தலைகீழுக்கு எண் 7. இந்த 7-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

புதுசாகப் படித்தவன் சும்மா இருப்பானா? பிராம்ப்டில் மணி, தேதி, ஃபோல்டர் என்று எல்லாவற்றையும் வெவ்வேறு நிறத்தில் போட்டேன். பொங்கலுக்குக் கோலம் போட்ட வாசல் மாதிரி இருந்தது. ரெண்டு நாள் கழித்து ஒரு வினோதம். கொஞ்சம் நீளமாகக் கட்டளை அடித்தால், திரையின் ஓரம் வருவதற்கு முன்பே எழுத்து மடங்கி, அதே வரியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. மேல் அம்பை அழுத்திப் பழைய கட்டளையைக் கூப்பிட்டால் பாதி ஒட்டிக்கொண்டு நிற்கும், அழித்தால் போகாது. நான் லேப்டாப்புக்கே வியாதி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

காரணம் தெரிந்தபோது மாமா கடைதான் ஞாபகம் வந்தது. மாமாவுக்கு மாட்டுத் தீவனக் கடை. மூட்டையைத் தராசில் ஏற்றினால் வருவது சரக்கின் எடை மட்டும் இல்லையே, சாக்கின் எடையும் சேர்த்துத்தானே? அதைக் கழிக்காமல் பில் போட்டால் கணக்கு இடிக்கும். பாஷும் அப்படித்தான். பிராம்ப்ட் எத்தனை எழுத்து நீளம் என்று எண்ணி வைத்துக்கொண்டுதான் வரியை எங்கே மடிப்பது என்று முடிவு செய்கிறது. நான் நுழைத்த நிறக் குறிகள் திரையில் இடமே பிடிக்காதவை, ஆனால் பாஷ் அதையும் எழுத்தாக எண்ணிவிட்டது. "இது சாக்கு, எடையில் சேர்க்காதே" என்று சொல்வதற்கு, குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷும் திறக்கும் சதுர அடைப்பும், பின்னால் பேக்ஸ்லாஷும் மூடும் சதுர அடைப்பும் போட வேண்டும். போட்டேன். வியாதி போயே போச்சு.

இன்னொரு சின்ன விஷயம், ஸ்க்ரிப்ட் எழுதுகிறவர்களுக்காக. நிறம் அச்சடிக்க 'எக்கோ'வை நம்பாதீர்கள். ஒரு ஷெல்லில் சரியாக வரும், இன்னொரு ஷெல்லில் கூடக் கொடுத்த -இ என்பதையும் சேர்த்துத் திரையில் அச்சடித்து மானத்தை வாங்கும். 'பிரின்ட்எஃப்' எங்கேயும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

சரி, மாமா கதைக்கு வருவோம்.

போன வருஷம் செமஸ்டர் லீவில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை என்று கடை நிறைய மூட்டை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மாடு வைத்திருப்பவர்கள், பால் பணம் வந்ததும் கொடுப்பதாகக் கடனுக்கு எடுப்பார்கள். முன்பெல்லாம் பணம் கையில் வரும், நோட்டில் அடித்துவிடுவார். இப்போது பாதிப்பேர் போனில் அனுப்புகிறார்கள். அனுப்புவது பையனோ மருமகளோ, பேங்க்கில் வருவது அவர்கள் பேரில். கடை நோட்டில் இருப்பது பெரியவர் பேர். ராத்திரி பத்து மணிக்கு மாமா ஒரு பக்கம் நோட்டையும் ஒரு பக்கம் பேங்க் பட்டியலையும் வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டிருப்பார்.

எனக்கோ வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் அப்போதுதான் பரீட்சையில் எழுதிவிட்டு வந்த சூடு. "மாமா, இதை நான் கம்ப்யூட்டர்ல பண்ணித் தரேன்"னு சொன்னேன். கணக்கு எழுதுகிற அக்கா ஏற்கெனவே கடன் பில்லை எல்லாம் விரிதாளில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார். பேங்க் பட்டியலும் கோப்பாகக் கிடைக்கிறது. யார் பணம் யார் போனில் இருந்து வரும் என்று ஒரு பட்டியல் தயார் செய்தேன். ஒரு வாரம் மண்டையை உடைத்து ஷெல் ஸ்க்ரிப்ட் எழுதினேன். கடை லேப்டாப்பும் என்னுடையது மாதிரியே கிழம், அதிலும் மிண்ட் போட்டாயிற்று. ஐகானைத் தட்டினால் கறுப்புத் திரை வரும், பட்டியல் ஓடும். பணம் வந்த பில் பச்சையில், வராத பில் சிவப்பில்.

வேறு ஒரு சொல் கிடையாது. பேர், பில் நம்பர், தொகை, அவ்வளவுதான். வந்தது வரவில்லை என்று எழுதாமல் நிறத்தாலேயே சொல்லிவிட்டேன் என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. கணக்குப் புத்தகத்தில் நஷ்டத்தைச் சிவப்பு மையில் எழுதிய காலத்தில் இருந்து வருகிற வழக்கம்தானே, இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா என்று நினைத்தேன்.

மாமா பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "எழுத்தைக் கொஞ்சம் பெருசா வைடா மாப்ள."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாமா, கலரைப் பாருங்க. சிவப்பா இருக்கறவங்களுக்குப் போன் பண்ணினாப் போதும்."

லீவு முடிகிற வரை தினமும் ராத்திரி நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினேன். "நீயே படிச்சுச் சொல்லு, கண்ணாடி உள்ள இருக்கு" என்பார். நான் சிவப்பை எல்லாம் படிப்பேன், அவர் எழுதிக்கொள்வார். கண்ணாடி தினமும் எப்படி உள்ளேயே இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காலேஜுக்குத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதல் போன் அக்காவிடம் இருந்து. ஸ்க்ரிப்ட் காட்டுகிற பட்டியலைக் கோப்பாகவும் சேமிக்கும்படி வைத்திருந்தேன், அதை விரிதாளில் திறந்தால் மொத்த பாக்கி 0 என்று வருகிறதாம். பின்னால் மாமா குரல் கேட்டது. "ஊர்ல ஒருத்தனும் நமக்குக் கடன்பட்டவன் இல்லையாம்மா? நல்லதாப் போச்சு, கடையை மூடிட்டுக் காசிக்குப் போலாம்." :)

என்ன நடந்தது என்றால், திரையில் நிறமாக மாறுகிற அந்தக் குறிகள், கோப்புக்குள் போகும்போது நிறமாக மாற அங்கே டெர்மினல் இல்லை. அப்படியே எழுத்தாகப் போய் உட்கார்ந்துவிடும். தொகை கடைசிக் கட்டத்தில் இருந்தது, ஒவ்வொரு தொகையின் வாலிலும் அடைப்புக்குறி, 0, எம். விரிதாள் அதை எண்ணாகவே மதிக்கவில்லை, வெறும் எழுத்து என்று ஒதுக்கிவிட்டது. கூட்டினால் 0. இதற்கு மருந்து, நிறம் போடுவதற்கு முன் "நான் எழுதுவது டெர்மினலுக்கா, கோப்புக்கா" என்று ஸ்க்ரிப்டே கேட்டுக்கொள்வது. ஷெல்லில் அதற்கென்றே சோதனை இருக்கிறது, -டி என்று போட்டுப் பக்கத்தில் 1. அந்த 1 தான் வெளியே போகிற வழி. அந்த வழி டெர்மினலில் போய் முடிந்தால் நிறம் போடு, இல்லாவிட்டால் வெறும் எழுத்து. ஃபைல் பட்டியல் காட்டுகிற கட்டளையும், சொல் தேடுகிற 'கிரெப்'பும் நிறத்தைத் தானியங்கியாக விட்டால் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. இது போக, 2017-ல் இருந்து நோ_கலர் என்று ஒரு வழக்கமும் இருக்கிறது. அந்தப் பேரில் ஒரு சூழல் மாறி வைத்திருந்தால் நிரல்கள் தாங்களாக நிறம் சேர்க்கக் கூடாது. எல்லா நிரலும் கேட்பதில்லை, கேட்பவை நிறைய இருக்கின்றன. திருத்திய ஸ்க்ரிப்டை அன்றைக்கே அக்காவுக்கு அனுப்பிவைத்தேன், சரியாகிவிட்டது.

ரெண்டாவது போன் மாமாவிடம் இருந்து, காலை எட்டரைக்கு. குரலில் சிரிப்பு இல்லை. "உன் கம்ப்யூட்டர் கணக்கு தப்புடா."

முதல் நாள் ராத்திரி அவரே தனியாக ஸ்க்ரிப்டை ஓட்டியிருக்கிறார். மறுநாள் விடிந்ததும் போன் போட ஆரம்பித்திருக்கிறார். முதல் ஆள் "அனுப்பிட்டேனே அண்ணே, பாருங்க" என்றிருக்கிறார். கடன்காரர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று மாமா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெண்டாவது ஆள், கடை ஆரம்பித்த காலத்தில் இருந்து வாங்குகிற ஒரு பெரியவர். பத்திருபது மாடு வைத்திருக்கிறார். பால் கறந்து ஊற்றுகிற நேரம், சொசைட்டியில் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள், போனைப் பையன் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்திருக்கிறான். மாமா பாக்கியைக் கேட்டிருக்கிறார். பெரியவர் "என் பையன் திங்கக்கிழமையே போட்டுட்டான்" என்றிருக்கிறார். மாமா "கம்ப்யூட்டர்ல வரலைன்னு காட்டுதுங்களே" என்று சொல்லியிருக்கிறார். கிராமத்தில் நாலு பேர் முன்னால் 18,400 ரூபாய்க்குப் பொய் சொல்கிறவன் என்று பேர் வாங்குவது என்ன என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

நான் ஹாஸ்டலில் உட்கார்ந்து அக்காவிடம் கோப்புகளை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். பெரியவர் பில் பச்சையில் இருந்தது. பளிச்சென்று, சந்தேகமே இல்லாத பச்சை. முதல் ஆளும் பச்சை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமாவைக் கூப்பிட்டு, இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது, "மாமா, ஸ்க்ரிப்ட் சரியாத்தான் இருக்கு. சிவப்பைப் பாத்துத்தானே போன் பண்ணச் சொன்னேன்? பச்சையைப் பாத்துப் பண்ணியிருக்கீங்க" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டார். மாப்ள இல்லை, டேய் இல்லை. சரிப்பா.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு மாமாவைப் பற்றி அலுத்துக்கொண்டேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன்கிட்ட அவன் சொல்லவே இல்லையா?" என்றார்.

தொண்ணூறுகளில் மாமா ரயில்வேயில் ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறார். தாத்தா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். மெடிக்கலுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு புத்தகம், பக்கம் பக்கமாகப் புள்ளி வட்டங்கள், உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்பார்கள். ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட சோதனை அது. அதில் ஒரு பக்கம் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு 74 என்று தெரியும். சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு அதே பக்கம் 21 என்று தெரியும். மாமா 21 என்று சொல்லியிருக்கிறார், அதுவும் நல்ல சத்தமாக, தைரியமாக. வீட்டுக்கு வந்து "மார்க் பத்தலையாம்" என்று சொல்லிவிட்டுத் தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். உண்மை அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

சிக்னல் பார்க்கத் தெரியாதவன் என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட மனுஷனிடம்தான் நான் போனில் "சிவப்பைப் பாருங்கன்னு சொன்னேனே" என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மெஸ்ஸில் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்கு இது உண்டு, பெண்களில் அரை சதவீதம்தான். காரணம் இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்தில் அணுக் கொள்கை என்று படித்தோமே ஜான் டால்டன், அவருக்கும் இருந்தது. தன் கண்ணைப் பற்றியே 1794-ல் ஒரு கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் இப்படி என்று நம்பி, செத்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார். 1844-ல் இறந்தார், திறந்தார்கள், நீலமெல்லாம் இல்லை. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணில் இருந்து 1995-ல் மரபணுவை எடுத்துச் சோதித்து, பச்சையை உணரும் பகுதி அவருக்கு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். மாமாவுக்கு வந்தது பாட்டி வழியாக. அம்மாவிடம் அது இருக்கப் பாதி வாய்ப்பு, இருந்தால் என்னிடம் வர அதில் பாதி. மனசு கேட்காமல் அந்த வட்டங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 74 தான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாயில் வரவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. லேப்டாப்பை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, "என்ன தெரியுது மாமா?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாம் ஒரே மாதிரிதான்டா. சிலது மங்கலா இருக்கு, சிலது கொஞ்சம் வெளிச்சமா இருக்கு. ஆபத்துன்னா வெளிச்சமாத்தானே காட்டுவாங்க, அதுதான் சிவப்புன்னு நெனச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கு நியாயம். இந்த வகையில் ஒரு பிரிவினருக்குச் சிவப்பு, மற்றவர்களுக்குத் தெரிவதைவிட இருட்டாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் அடர்சிவப்பு என்றால் கேட்கவே வேண்டாம். நான் சத்தம் போட்டுச் சொல்ல நினைத்ததை அவர் கண்ணுக்குக் கிசுகிசுவென்று சொல்லியிருக்கிறேன். பணம் கொடுத்தவர்களைத்தான் சத்தம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

முதலில் ஒவ்வொரு வரியின் முன்னாலும் 'பாக்கி', 'வந்தது' என்று தமிழில் போட்டுப் பார்த்தேன். டெர்மினல் நம் எழுத்தைப் படுத்துகிற பாடு இருக்கிறதே! கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எழுத்து தன் கட்டத்துக்குள் அடங்காமல் தொகை எல்லாம் கோணலாக நின்றது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டை அது. கடைசியில் பாக்கி வரிக்கு முன்னால் ரெண்டு ஆச்சரியக்குறி போட்டேன். நிறத்தை மாற்றலாம் என்று நீலம், மஞ்சள் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். கறுப்பில் 34-ம் எண் நீலம் எனக்கே தெரியவில்லை.

மாமா டீ டம்ளரோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்குடா இம்புட்டுக் கஷ்டப்படுற? நான் திண்டுக்கல் ரோட்டுல இருபது வருஷமா வண்டி ஓட்டறேன். சிக்னல்ல என்ன கலர் எரியுதுன்னு என்னைக்குப் பாத்தேன்? மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். அது மாதிரி பாக்கிக்காரன் எல்லாரையும் மேல போடு, குடுத்தவனைக் கீழ போடு. நடுவுல ஒரு கோடு."

வரிசைப்படுத்தும் கட்டளை ஒன்று, கோடு போட ஒரு வரி. பத்து நிமிஷ வேலை. நான் ஒரு வாரம் உட்கார்ந்து நிறம் பூசியதைவிட அது தெளிவாக இருந்தது. மேலே இருக்கிற பாக்கிப் பகுதிக்கு மட்டும் 7 போட்டேன். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, நிறமே இல்லாத விடி100-ல் இருந்த அதே தலைகீழ் எழுத்து. மாமா பார்த்ததும் "இது தெரியுதுடா" என்றார்.

பெரியவர் வீட்டுக்கு மாமா ஏற்கெனவே நேரில் போய்விட்டு வந்திருந்தார். மோர் கொடுத்து, உட்காரச் சொல்லி, மழை எப்போது வரும் என்றெல்லாம் பேசியிருக்கிறார் பெரியவர். போன் விஷயத்தை ரெண்டு பேரும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவர் வீட்டுக்கு லோடு வேறு கடையில் இருந்து போனது. இன்றுவரை அப்படித்தான். போன வாரம் கூட ஸ்க்ரிப்டில் இருந்த பெயர்ப் பட்டியலைத் திருத்தினேன், அவர் பேரையும் பையன் நம்பரையும் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார் மாமா.

கிளம்பும்போது பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டார். "எல்லாம் சரி மாப்ள, எழுத்தைப் பெருசா வைன்னு அன்னைக்கே சொன்னேனே, அதை எப்பப் பண்ணுவ?"

கன்ட்ரோல், ஷிப்ட், கூட்டல் குறி. மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால் பெரிதாகிவிடும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு போனில் சொல்லிக்கொடுத்தேன்.